வண்டிதான் இழுக்கிறது

மனித குலத்தில் நேர்க்கையர் என்றொரு இனம் உண்டு. எந்த விலங்கியல் புத்தகத்திலும் தேட வேண்டாம். பெயர் இந்தக் கணத்தில்தான் வைக்கப்பட்டது. ஆனால் ஆட்களை உங்களுக்கு நன்றாகத் தெரியும். காபியைத் தானே கொட்டிவிட்டு "இந்த மேசை ஆடுதே, யாரும் பாக்கிறதில்லையா?" என்று கேட்பவர், தப்பான மாடியில் லிஃப்டை விட்டு இறங்கிவிட்டு அந்த மாடியையே முறைத்துப் பார்ப்பவர், கூட்டல் தவறிப்போனால் கால்குலேட்டரைத் தட்டிப் பார்ப்பவர், தான் மிதித்த காலுக்குச் சொந்தக்காரரிடமே "பாத்து நிக்கக் கூடாதா சார்?" என்று அக்கறையோடு விசாரிப்பவர், எல்லோரும் ஒரே வம்சம். இவர்களுடைய வேதம் ஒரே வரிதான். என் கை நேராக இருக்கிறது, உலகம்தான் கொஞ்சம் கோணல்.

இந்த இனம் எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும். அலுவலகத்தில் வளரும், சமையலறையில் வளரும், சங்கக் கூட்டங்களில் கிளை விட்டுப் படரும். ஆனால் கொழுத்துச் செழிப்பது காருக்குள்தான். அதிலும் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கேட்கவே வேண்டாம். சாதாரணக் கார் பெருந்தன்மையானது. சாலையின் குற்றங்குறைகளை வயிற்றுக்குள் போட்டுக்கொண்டு பேசாமல் போய்விடும். தரையோடு தரையாகப் படுத்து, அகல டயரும் விறைப்பான ஸ்பிரிங்குமாகப் போகிற ஸ்போர்ட்ஸ் காரோ ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வந்து கோள் சொல்லும். கோள் கேட்பதில் ருசி கண்டவருக்கு வேறு என்ன வேண்டும்?

ஓர் அடையாளம் சொல்லிவிடலாம். நேரான, காலியான சாலை கிடைத்ததும் ஒருவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, போலீசிடம் சரணடைந்தவர்போலக் காதோரம் தூக்கி வைத்துக்கொண்டு, "பாரு... பாரு... பாத்தியா?" என்று கேட்கிறாரா? அவர்தான். கார் மெல்ல ஓரம் கட்டிப் போகும். பக்கத்தில் இருப்பவர் தனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிடுவார். இவரோ முகமெல்லாம் மலர்ந்து "இழுக்குதா, இல்லையா?" என்பார். உயிர் போனாலும் பரவாயில்லை, வாதம் ஜெயித்தாக வேண்டும்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர் இருக்கிறார். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றுக்கு நிர்வாக அதிகாரி. கீழே வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ரசமட்டம். கொத்தனார் சுவர்மேல் வைத்து, உள்ளே மிதக்கும் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பாரே, அந்தக் கருவி. பொருத்தமான பெயர்தான். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் சுவரில் மாட்டிய படத்தை நேராக்குவார். ஓட்டலில் பக்கத்து மேசையின் உப்புக் குப்பியைக்கூட வரிசைப்படுத்துவார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் மாலையைச் சரிசெய்தார் என்று ஒரு பேச்சு இருக்கிறது; அது பொய் என்று அவர் மனைவியே சொல்வதில்லை.

அந்த அம்மாள் பல் டாக்டர். வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு "தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன் டாக்டர்" என்று சொல்லும் ஆயிரம் பேரைப் பார்த்தவர். பல்லைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், "ம்" என்பார். வீட்டிலும் அப்படியே. அவருடைய "ம்"முக்கு அர்த்தம் சம்மதம் என்றுதான் ரசமட்டம் இன்றுவரை நம்புகிறார்.

ரசமட்டத்துக்கு வயது ஏறியபோது ஆசையும் ஏறி, சிவப்பு நிறத்தில், இரண்டே இருக்கையுள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வீட்டுக்கு வந்தது. அதில் ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். அவர் இறங்கும்போது முதலில் ஒரு கால் வரும், பிறகு ஒரு பெருமூச்சு வரும், கொஞ்ச நேரம் கழித்து மீதி வரும். ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டால் இருபது வயது குறைந்துவிட்டதாக அவருக்கு ஓர் எண்ணம்.

இனி அந்தச் சம்பவம். அதைச் சொல்வதற்கு முன்னால் அலுவலகப் பார்க்கிங்கின் ஓரக்கற்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரில் எல்லா இடத்திலும் ஓரக்கல்லுக்குக் கறுப்பும் வெள்ளையும் அடிப்பார்கள். ரசமட்டம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. குழு போட்டார், கூட்டம் கூட்டினார், நிற அட்டைகளை வெயிலிலும் நிழலிலும் வைத்துப் பார்த்தார், கடைசியில் பழுத்த ஆரஞ்சு நிறம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். "இதுக்கு மேலயும் ஒருத்தன் கல்லுல ஏத்தினான்னா, அவன் கண்ணைக் கழட்டி வெச்சிட்டு ஓட்டுறான்னு அர்த்தம்" என்று கூட்டத்தில் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நிறத்தில் ஓரக்கல் அந்தப் பார்க்கிங்கைத் தவிர வேறெங்கும் கிடையாது.

ஒரு மாலை, மறந்து வைத்துவிட்ட மூக்குக் கண்ணாடியை எடுக்க மனைவியையும் அழைத்துக்கொண்டு அங்கே போனார். கண்ணாடியை எடுத்தார், சட்டைப் பையில் போட்டார், காரைக் கிளப்பினார். காவலாளி பார்க்கிறானே என்று வளைவில் கொஞ்சம் வேகம் காட்டினார். காவலாளி நன்றாகவே பார்த்தான். இடது பக்க முன்சக்கரம் ஆரஞ்சுக் கல்லின்மேல் ஏறி, டமார் என்று இறங்கியது.

"என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல. ஸ்பீட் பிரேக்கர்."

"பார்க்கிங்குக்குள்ள ஸ்பீட் பிரேக்கர் ஏது?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். எவன் வெச்சான்?"

"ம்" என்றார் டாக்டரம்மா.

மறுநாளிலிருந்து கார் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. நேர்க்கையரின் ஞாபகசக்தி ஓர் அதிசயம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்த டமார் இரண்டு நாளில் டப் என்று ஆனது. அடுத்த வாரம் லேசான ஓர் அசைவாக ஆனது. அதற்கடுத்த வாரம் அப்படி ஒரு மாலையே அவர் வாழ்க்கையில் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டுமே!

நோய் இருக்கிறது, காரணம் தெரியவில்லை, இனி ஆராய்ச்சிதான். முதலில் டயரில் காற்று. ஒவ்வொரு பெட்ரோல் பங்காக நிறுத்திப் பார்த்தார். காற்று சரியாக இருந்தது, எனவே மீட்டர்கள் எல்லாம் தப்பு என்று முடிவாயிற்று. பிறகு முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டார். டயரில் கோளாறு என்றால் இழுவை மறுபக்கம் போக வேண்டும், போகவில்லை. பிறகு சாலை. மழைத் தண்ணீர் வடிவதற்காகச் சாலையை ஓரமாகச் சரித்துப் போடுகிறார்கள் இல்லையா, அந்தச் சரிவுதான் இழுக்கிறது என்று ஒரு வாரம் சாலை போட்டவர்களைத் திட்டினார். சரிவே இல்லாத மைதானத்தில் ஓட்டிப் பார்த்தார். அங்கேயும் இழுத்தது, எனவே காற்று வீசும் திசை. காற்றும் நின்ற ஒரு நாளில் அவர் பார்வை மெல்லப் பக்கத்து இருக்கைக்கு வந்தது.

"நீ இடது பக்கம்தானே உக்கார்ற?"

"ஆமா. வலது பக்கம் நீங்க இருக்கீங்க."

"அதான் பாக்குறேன். கொஞ்சம் இறங்கேன்."

மெயின் ரோட்டில், கைப்பையும் கையுமாக, ஒரு மின்கம்பத்தின் கீழ் டாக்டரம்மாவை இறக்கிவிட்டு ரசமட்டம் ஆராய்ச்சிக்குப் போனார். அந்த வழியாகப் பைக்கில் வந்த அவருடைய நோயாளி ஒருவர் "டாக்டர், ஏதாவது பிரச்சினையா?" என்று நிறுத்திக் கேட்டார். "இல்லப்பா, என் எடையைப் பாக்குறாங்க" என்றார் டாக்டரம்மா. ரசமட்டம் திரும்பி வந்து, கண்ணாடியை இறக்கி, பெரிய மனதோடு தீர்ப்புச் சொன்னார். "உன்மேல தப்பில்ல. நீ இல்லாமலும் இழுக்குது. ஏறிக்கோ."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? டாக்டரம்மா ஏறிக்கொண்டார். தன்மேல் பழி வந்தால் அவர் "ம்" சொல்லித் தாங்கிக்கொள்வார். அடுத்த பழி அவர் தம்பிமேல் விழும் என்று அப்போது தெரியாது.

அது விழுந்த கதை இப்படி. ஊரில் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணல், பார்க்கும் பட்டறை ஒன்று உண்டு. அதன் முதலாளிக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் 'ஆமா சார்'. தொழிலுக்கு வந்த புதிதில் அவரும் எல்லோரையும்போல "எங்க சார் இடிச்சீங்க?" என்றுதான் கேட்டுப் பார்த்தார். விலை உயர்ந்த கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டார். இப்போது சக்கரம் எப்படி வளைந்து வந்தாலும் தலையைச் சொறிந்துகொண்டு "வேற யாராவது எடுத்தாங்களா சார்?" என்றுதான் கேட்பார். கௌரவமாகத் தப்பித்துப் போக ஒரு பின்வாசல் அது. "டிரைவர்தான்" என்பார்கள், "ஓட்டல் பார்க்கிங்ல ஒருத்தன் எடுத்தான்" என்பார்கள். அந்த டிரைவர்களில் பாதிப் பேர் பிறக்கவே இல்லை. யாருக்கும் நஷ்டமில்லாத பொய், தொழிலும் நடக்கிறது.

ரசமட்டத்திடமும் அதே கேள்வியைக் கேட்டார்.

ரசமட்டம் யோசித்தார். பிறகு கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன், வீட்டுக்கு ஃபிரிட்ஜ் ஏற்றி வந்த வேன் உள்ளே வருவதற்காக, வாசலில் நின்ற காரை மைத்துனன் எடுத்துப் பத்தடி தள்ளி மரத்தடியில் விட்டானே!

"எடுத்தான்" என்றார் ரசமட்டம். "என் மச்சினன் எடுத்தான்."

"ஆமா சார். அதான் சார்" என்றார் ஆமா சார், பழக்கத்தில். "வண்டியை லிஃப்ட்ல ஏத்திப் பாத்திரலாமா?"

"எதுக்கு? அதான் காரணம் தெரிஞ்சுபோச்சே!"

காரை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். நேர்க்கையருக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டால் போதும், ரிப்பேர் அவசியமில்லை. சொல்லப்போனால் ரிப்பேர் செய்தால் சாட்சி அழிந்துவிடும். அன்றிலிருந்து அந்த இழுவையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை ஓயாமல் வலது பக்கம் பிடித்தபடி, ஊர் முழுக்க ஓட்டினார். யார் ஏறினாலும் கையைத் தூக்கிக் காட்டி, "இது யார் பாத்த வேலை தெரியுமா?" என்று தொடங்குவார்.

மைத்துனன் யார் என்று சொல்லவில்லையே. டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவன். ஊரில் பலருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன். மாணவர்களுக்கு அவன் மாஸ்டர். அக்காவுக்கும் தம்பிக்கும் வயது வித்தியாசம் அதிகம். பெற்றோர் வேலைக்குப் போன நாளெல்லாம் அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டது அக்காதான். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அக்கா வீட்டில்தான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு நடுவில், ரசமட்டம் ரசத்தை ஊற்றிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"எல்லாருக்கும் ஸ்போர்ட்ஸ் கார் கைக்கு வந்திராது மாப்ளே. அதுல தப்பொண்ணும் இல்ல."

"என்ன அத்தான் சொல்றீங்க?"

"பொதுவாச் சொல்றேன். ஆனா தட்டினா தட்டிட்டேன்னு சொல்லிடணும். அதுதான் ஆம்பளைக்கு அழகு."

"அத்தான், நான் வாசல்லேருந்து மரத்தடி வரைக்கும்தான் எடுத்தேன். அங்க கல்லே கிடையாது."

"கல்லு இல்லாத இடத்திலேயே இப்படின்னா, உங்கிட்ட கத்துக்கிறவங்களை நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு" என்று ரசமட்டம் சிரித்தார்.

அவன் எழுந்து, கையைக் கழுவிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. டாக்டரம்மா அன்று முதல்முறையாக "ம்" சொல்லவில்லை. "அன்னிக்கு ஆஃபீஸ் பார்க்கிங்ல ஏத்தினது நீங்க. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்" என்றார். ரசமட்டம் உண்மையிலேயே திகைத்துப் போனார். தம்பிமேல் இருக்கும் பாசம் ஒரு படித்த பெண்ணின் ஞாபகத்தை எவ்வளவு தூரம் குழப்பிவிடுகிறது என்று பரிதாபமும் பட்டார்.

இதற்கிடையில் தம்பிக்கு வேறு ஊரில் இன்னொரு பள்ளியை ஏற்று நடத்த அழைப்பு வந்துவிட்டது. ஞாயிறு காலை குடும்பத்தோடு புறப்படுகிறான். போகுமுன் ஒருவேளையாவது வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போ என்று அக்கா கெஞ்சினார். "அத்தான் ஒரு வார்த்தை சொல்லட்டும்க்கா. நான் செய்யலன்னு சொன்னாப் போதும், வேறெதுவும் வேண்டாம். உடனே வர்றேன்" என்றான். நியாயமான ஆசைதானே? ஒரே ஒரு வார்த்தை. நேர்க்கையரிடம் போய் அதைக் கேட்டான் பாருங்கள்!

புறப்படுவதற்கு முந்தின நாள் டாக்டரம்மா கிளினிக்கை மூடிவிட்டுப் புருஷன் எதிரில் வந்து நின்றார்.

"வாங்க, வண்டியை லிஃப்ட்ல ஏத்திப் பாப்போம். தம்பி பண்ணினதுன்னு தெரிஞ்சா நானே அவனைத் திட்டுறேன். இல்லன்னு தெரிஞ்சா நீங்க அவனுக்குப் போன் போட்டுச் சொல்லணும்."

"தாராளமா" என்றார் ரசமட்டம். சத்தியம் தன் பக்கம் இருக்கும்போது அவருக்கு என்ன பயம்?

ஆமா சார் பட்டறையில் லிஃப்ட் உயர்ந்தது. மூவரும் சிவப்புக் காரின் வயிற்றுக்குக் கீழே போய் அண்ணாந்து நின்றார்கள். இடது முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கை நன்றாகவே மடங்கி, சக்கரத்தைப் பின்னால் தள்ளி வைத்திருந்தது. மடங்கிய இடத்தில், துடைக்கவோ மறைக்கவோ முடியாதபடி, அழுத்தமாக அப்பிக்கிடந்தது பழுத்த ஆரஞ்சுப் பெயின்ட்.

ஆமா சார் பெயின்ட்டைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிச் சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாகப் படித்தார். டாக்டரம்மா புருஷனைப் பார்த்தார். இந்த இடத்தில் ரசமட்டம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இந்தச் சித்திரத்துக்கு வேலையே இருந்திருக்காது.

அவர் கிட்டே போனார். விரலால் சுரண்டினார். நகத்தில் ஒட்டிக்கொண்ட ஆரஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் சிவந்தது.

"பாத்தியா! நான் அப்பவே சொன்னேன், அந்தப் பெயின்ட் கான்ட்ராக்டர் சரியில்லன்னு. கல்லுல நிக்க வேண்டியது இப்படி ஒட்டிக்கிட்டு வருது! திங்கக்கிழமை வரட்டும், அவனை உண்டு இல்லன்னு பண்றேன்."

"கல்லுல இருக்கிற பெயின்ட் கார்ல எப்படிங்க வந்துச்சு?"

"அதான் சொல்றேனே, தரம் இல்ல!"

"ஆமா சார்" என்றார் ஆமா சார், காலண்டரைப் பார்த்தபடியே.

புது ஆர்ம் தயாராக இருந்தது. "அன்னிக்கு வண்டி நின்ன சாய்வைப் பாத்ததுமே வரவெச்சுட்டேன் சார், எப்படியும் வருவீங்கன்னு" என்றார் முதலாளி. அதை மாட்டி முடித்ததும் அலைன்மென்ட். அங்கேயும் ரசமட்டம் சும்மா இருப்பாரா? ஸ்போர்ட்ஸ் காரில் ஓட்டுகிறவர் எடையோடு சேர்த்துத்தான் அளக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார். அவர் உள்ளே ஏறி உட்கார, காரோடு சேர்த்து அவரையும் மேடைமேல் ஏற்றினார்கள். உச்சியில் உட்கார்ந்துகொண்டு ஊர்வலம் போகும் உற்சவர்போல இரண்டு பக்கமும் பார்த்தார். கீழே திரையில் சிவப்பாக இருந்த எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. ஸ்டியரிங்கை நேராக நிறுத்தி, அசையாதபடி கட்டை கொடுத்திருந்தார்கள்.

"இது கோணலா இருக்கே!" என்று மேலிருந்து குரல் வந்தது.

"நேராத்தான் சார் இருக்கு."

"என் கைக்குத் தெரியாதா?"

அவர் கைக்குத் தெரிந்தது வேறு. மாதக்கணக்காக வலது பக்கம் பிடித்துப் பிடித்து, அந்தக் கோணல்தான் நேர் என்று அவர் கை எழுதி வைத்துக்கொண்டுவிட்டது. சோதனை ஓட்டத்துக்கு மனைவியோடு புறப்பட்டவர், தெருமுனை தாண்டுவதற்குள் நடுச்சாலைக்குப் போய், எதிரே வந்த பஸ்ஸின் ஹாரனை வாங்கிக்கொண்டு, திரும்பி வந்தார்.

"கெடுத்துட்டீங்களே! இப்ப வலது பக்கம் இழுக்குது!"

டாக்டரம்மா அவரை இறக்கிவிட்டு, தான் ஏறி, அதே சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தார். போகும்போது ஓர் இடத்தில் கையையும் எடுத்துப் பார்த்தார். கார் நூல் பிடித்தாற்போல் போனது.

"வண்டி சரியா இருக்கு. போன் போடுங்க" என்றார்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. ரசமட்டம் தொண்டையைச் செருமிக்கொண்டு போன் போட்டார். டாக்டரம்மா பக்கத்தில் வந்து நின்றார். ஒரு வார்த்தை, அதை மட்டும் சொல்லிவிட்டால் இன்று ராத்திரி தம்பி சாப்பிட வருவான். சேமியா பாயசம் வைக்கலாம், அவனுக்குப் பிடிக்கும். அவர் தன்னை அறியாமல் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, நல்லாயிருக்கியா? சாமானெல்லாம் கட்டியாச்சா? சரி... இந்த வண்டி விஷயம். இன்னிக்கு ஏத்திப் பாத்தோம். அந்தக் கல்லும் சரியில்ல, பெயின்ட்டும் சரியில்ல. உன்னை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்ல. நடந்தது நடந்துபோச்சு. நான் எதையும் மனசுல வெச்சுக்கல. உன்னை மன்னிச்சிட்டேன்."

மறுமுனையிலிருந்து "சரி அத்தான். அக்காகிட்ட குடுங்க" என்று மட்டும் கேட்டது.

டாக்டரம்மா போனை வாங்கினார். "டேய், வீட்டிலேயே இரு. நான் வர்றேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கார்க் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். ரசமட்டம் மறுபக்கக் கதவுக்கு ஓடினார். அது பூட்டியிருந்தது.

"அதான் மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டேனே! இன்னும் என்ன கோபம்? கதவைத் திற."

"நீங்க பஸ்ல போங்க."

"ஒரு சீட்டு காலியாத்தானே இருக்கு?"

"அதுல நான் உக்காருவேன். தம்பி ஓட்டப்போறான்" என்றார் டாக்டரம்மா. "இந்தக் காரை ஓட்டணும்னு அவனுக்கு ரொம்ப நாளா ஆசை. இன்னிக்கு ஊரெல்லாம் சுத்தட்டும். வேற யாராவது எடுத்தாங்களான்னு இனிமே யார் கேட்டாலும், நீங்க பொய் சொல்ல வேண்டியிருக்காது பாருங்க."

கார் புறப்பட்டது. தெருமுனைவரை நேராகப் போனது. அங்கிருந்து அவர்கள் வீடு வலது பக்கம். தம்பி வீடு இடது பக்கம். இடது விளக்கு மினுக்கியது, சிவப்புக் கார் அழகாக வளைந்து இடது பக்கம் திரும்பி மறைந்தது.

ரசமட்டம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு ஆமா சாரின் தோளைத் தட்டினார்.

"பாத்தீங்களா? இப்பவும் இடது பக்கம்தான் இழுக்குது."

"ஆமா சார்" என்றார் ஆமா சார்.

சரி, இவ்வளவு நேரம் நன்றாகவே சிரித்தீர்கள். படிக்கும்போது உங்கள் மனதில் ஒரு முகம் வந்திருக்குமே? மாமனாரா, மேலதிகாரியா, மாடி வீட்டுக்காரரா, யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். உங்கள் முகம் வரவில்லை, இல்லையா? வராது. எந்த நேர்க்கையரும் இதைப் படிக்கும்போது தன்னை நினைப்பதில்லை. இப்போதே ரசமட்டம் இதைப் படித்துவிட்டுப் பெயின்ட் கான்ட்ராக்டரை நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார். வேண்டுமானால் ஒரு சின்னச் சோதனை. ஸ்டியரிங்கெல்லாம் வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். உங்கள் வீட்டில் கடைசியாக உடைந்த பீங்கான் கோப்பை இருக்கிறதே, அது யாரால் உடைந்தது?

பார்த்தீர்களா, பெயர் எவ்வளவு வேகமாக வந்துவிட்டது!